குரோமியத்துக்கும் என் கைக்கும் வந்த பகை

என்னைவிட என் கைக்கு மரியாதை அதிகம். பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் இருபது வருஷத்துக்கு மேல் செலக்‌ஷன் மேஜையில் நின்றவன் நான். பதப்படுத்திச் சாயம் ஏற்றிய தோல்கள் கட்டுக்கட்டாக மேஜைக்கு வரும். ஒவ்வொன்றாக விரித்து, மேலே உள்ளங்கையை ஓட்டி, அடியில் விரல்களால் தூக்கி, ஓரத்தை உள்பக்கமாக மடித்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது உள்ளூர் செருப்புக்குத்தான் லாயக்கு என்று பிரித்துப் போட வேண்டும். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு எல்லாம் கண்ணுள்ள யாருக்கும் தெரியும். ஆனால் மேல் பரப்பு உள்ளே ஒட்டாமல் தளர்ந்திருந்தால் அது கண்ணுக்கு அகப்படாது. லூஸ் என்போம். அந்தத் தோலில் தைத்த ஷூ கடையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், கொஞ்ச நாள் நடந்ததும் கிழவன் நெற்றி மாதிரி சுருங்கிவிடும். அதைக் கைதான் கண்டுபிடிக்கும். உறை போடாத வெறும் கை.

முதலாளியை நாங்கள் பாய் என்போம். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் வந்தால் பாய் என் பேரைச் சொல்லி அறிமுகப்படுத்த மாட்டார். "இது நம்ம கை" என்பார். அவர்களும் என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கையோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆளும் வந்திருக்கிறான் என்பது அவர்களுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். எனக்கும் அதில் மனக்குறை இருந்ததில்லை. பத்தாவதோடு படிப்பை முடித்தவன். கை போனால் மேஜை போச்சு. மேஜை போனால் நான் எங்கள் ஊர் மாதனூரில் வேலை வெட்டி இல்லாமல் டீக்கடை பெஞ்சைத் தேய்க்கிற இன்னொருத்தன். இவ்வளவு தெரிந்தவன் அந்தக் கையைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்திருப்பான் என்றுதானே நினைப்பீர்கள். அதுதான் இல்லை.

மகளுக்கு வரன் வந்தது. வேலூர் இடம். மாப்பிள்ளையின் அப்பா அரசாங்க ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவர். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகக்கண்ணெல்லாம் பாருங்க, எப்படி கறுப்பா இருக்குதுன்னு. நீங்க பலகாரத் தட்டை நீட்டறப்போ அந்த வாசனை வந்துச்சின்னா அவங்க இன்னா நினைப்பாங்க?"

வாசனை என்று அவள் சொன்னது எனக்குக் கொடுத்த மரியாதை. அந்த வாசனையில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது, மகள் காலேஜ் முடித்தாள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வீட்டில் விசேஷம் வந்தால் வாயைத் திறக்காமல் இருக்கக் கல்யாணமான எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் மேஜைக்காரர்களிடம் இதற்கென்று ஒரு சடங்கே உண்டு. விசேஷத்துக்கு முன்னால் ஃபினிஷிங் செக்‌ஷனில் சாயம் கரைக்கிற தின்னர் கொஞ்சம் வாங்கிக் கையை நன்றாகத் தேய்ப்பது, அப்புறம் பிளீச்சிங் பவுடரைக் குழைத்துப் பூசிக் காயவிட்டுக் கழுவுவது. சாயமும் போகும், வாடையும் போகும், கூடவே தோலிலும் ஒரு பாதி போகும். எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் பெண்ணின் அப்பாக்களுக்குக் கை மட்டும் வேறு யாருடையதோ மாதிரி வெளுத்திருக்கும். மற்றவர்கள் முந்தின நாள் ஒருமுறை செய்வதோடு விட்டுவிடுவார்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லையே. அந்த வாரம் முழுக்க தினமும் சாயங்காலம் தேய்த்தேன். கை மிளகாய் அரைத்த மாதிரி எரியும். காலையில் அதே கையோடு மேஜைக்குப் போய்த் தோலைத் தடவுவேன்.

அவர்கள் வந்தார்கள். கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா கிளம்பும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கிவிட்டு ஜோபியிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொண்டார். வேர்வையாக இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சம்பந்தம் முடிவானது.

கொஞ்ச நாள் கழித்து விரலிடுக்கில் அரிப்பு வந்தது. பிறகு கடுகு கடுகாகக் கொப்புளம். கொப்புளம் உடைந்து நீர் கசிந்தது, காய்ந்தது, வெடித்தது. வெடிப்புக்குள் வெடிப்பாகக் கிளம்பி, வறண்ட ஏரி மாதிரி ஆகிவிட்டது உள்ளங்கை. தோலின் மேல் ஓட்டினால் தோல் தெரியவில்லை, என் எரிச்சல்தான் தெரிந்தது. முதல் தடவையாக மேஜையில் ஒரு தோலை இரண்டு முறை தொட்டுப் பார்த்தேன். பயம் அங்கேதான் பிடித்தது.

ஊரில் டாக்டர்களுக்கா பஞ்சம். பக்கத்து மேஜைக்காரர், "சூடுப்பா, கருவாடு கத்திரிக்கா ரெண்டையும் விட்டுரு" என்றார். விட்டேன். கை விடவில்லை. மனைவி மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினாள். வெளுத்த கை இப்போது மஞ்சளாக அரித்தது. மெடிக்கல் ஷாப்காரர் ஒரு டியூபைக் கொடுத்தார், அது முடியும் வரைக்கும் நன்றாக இருந்தது, முடிந்ததும் இரண்டு பங்காக வந்தது. மனைவியின் அக்கா ஒரு நாள் வந்து என் கையைத் தூர நின்று பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்றால் ஒலிபெருக்கி தேவையில்லை. மறுநாள் காலையில் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கையைப் பார்த்தார்கள், அப்புறம் ஒரு அடி தள்ளி நின்றார்கள். டேனரியில் டீ வாங்கி வருகிறவர் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்க ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும்" என்றாள் மனைவி. கை போகிறதே என்று நான் கிடக்கிறேன், அவளுக்கு அந்தக் கவலை. கோபம் வந்தது. யோசித்தால் இரண்டும் ஒரே கவலைதான்.

பாய் நல்ல மனிதர். சும்மா சொல்லக் கூடாது, நன்மை செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தார். ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு ஜோடி கிளவுஸ். வழவழவென்று, எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை மாதிரி.

"எக்ஸ்போர்ட் சரக்கு. நம்ம தோல்லயே தச்சது. வெள்ளைக்காரன் குளிருக்குப் போட்டுக்கறான். நீ போட்டுக்க. உன் கை நம்ம கைப்பா, ஜாக்கிரதையா வச்சிக்க."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மேஜையில் நிற்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டேன். பைக் ஓட்டும்போது, கட்டுத் தூக்கும்போது, வீட்டில் டிவி பார்க்கும்போது. சித்திரை வெயிலில் கை உள்ளே ஊறி ஊறிக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் பாய்க்கு எவ்வளவு பெரிய மனசு என்று வாயாரப் புகழ்ந்தார்கள். கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கியது. சரியாகப் போட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இறுக்கமாக மாட்டிக்கொண்டேன்.

விரலை மடக்க முடியாமல் போனபோதுதான் வேலூருக்குப் போனேன். ஸ்கின் டாக்டர் ஒரு பெண். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"கிளவுஸ் ஏதாவது போடுவீங்களா?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன மெட்டீரியல்?"

"சுத்தமான லெதர் மேடம். எங்க கம்பெனி சரக்கு. ரெக்சின் கிக்சின் எல்லாம் கிடையாது."

டாக்டர் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். வந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

வியாதி கையில், டெஸ்ட் முதுகில். சின்னச் சின்ன வட்டங்களில் ஒவ்வொரு மருந்தாக வைத்து, பிளாஸ்திரி போட்டு, வரிசை வரிசையாக முதுகில் ஒட்டி, பேனாவால் அடையாளம் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்து எடுக்க வேண்டும், அப்புறம் இன்னொரு தடவை காட்ட வேண்டும். அதுவரைக்கும் முதுகை நனைக்கக் கூடாது, சொறியக் கூடாது, வேர்க்கக் கூடாது. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேலூரில், அக்னி நட்சத்திரத்தில், வேர்க்கக் கூடாது. தலையாட்டிவிட்டு வந்தேன். மாதனூர் வரைக்கும் பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகு எதிலும் படாமல் குந்தினாற்போல் வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நான் வாந்தி எடுக்கப் போகிறேன் என்று ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். வீட்டில் மனைவி கை மாற்றி மாற்றி விசிறினாள். செய்தி கேட்டு வந்த அவளுடைய அக்கா, "ஒண்ணும் ஆகாது" என்று ஆறுதலாக முதுகில் தட்டக் கையை ஓங்கினாள். நான் போட்ட கூச்சலில் அவள் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அந்த டெஸ்ட்டால் எனக்குக் கிடைத்த ஒரே உடனடி லாபம் அதுதான்.

பிளாஸ்திரியை எடுத்தபோது எல்லா வட்டங்களும் வெறுமையாக இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மட்டும் சிவந்து, தடித்து, கொப்புளம் வைத்திருந்தது. மறுபடி காட்டப் போனபோது இன்னும் நன்றாகத் தடித்திருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எதிலும் இவ்வளவு தெளிவாகப் பாஸானதில்லை.

"குரோமியம்" என்றார் டாக்டர்.

எங்கள் பக்கத்தில் குரோமியம் என்றால் சோறு. பச்சைத் தோல் அழுகாமல் நிற்பதே குரோமிய உப்பில் ஊறித்தான். அதில் ஊறாத தோல் எங்கள் டேனரியில் மனிதர்கள் மேல் இருப்பது மட்டும்தான், அதுவும் சந்தேகம். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மேடம், இருபது வருஷமா தொடறேன். இருபது வருஷமா ஒண்ணும் பண்ணாதது இப்ப வந்து இன்னாத்துக்குப் பண்ணுது? உங்க டெஸ்ட்டுதான் தப்பு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். வெளியே கூட்டம் காத்திருந்தது, அவர் நிதானமாகச் சொன்னார். இன்றைக்கும் அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு, சொன்ன விஷயத்தின்மேல்தான் கடுப்பு.

நம்முடைய தோலுக்குள் காவல்கார செல்கள் உட்கார்ந்திருக்கின்றனவாம். கிளை கிளையாகக் கையை நீட்டிக்கொண்டு, யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று துழாவுவதே அவற்றுக்குப் பிழைப்பு. குரோமியம் ரொம்பப் பொடிசு, தனியாக வந்தால் அவை கண்டுகொள்ளாது. ஆனால் அது உள்ளே இறங்கி நம் உடம்பின் சொந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தப் புரதத்துக்கு ஜாடை மாறிவிடும். காவல்கார செல் அதை விழுங்கி, துண்டு துண்டாக நறுக்கி, ஒரு துணுக்கை மட்டும் தன் மேல்பக்கத்தில் தட்டு மாதிரி இருக்கும் ஒரு புரதத்தில் ஏந்திக்கொண்டு, தோலை விட்டுக் கிளம்பி அக்குளில் இருக்கும் முடிச்சுக்குப் போகும்.

"அக்குள்ல நெறி கட்டியிருக்குதா?" என்று கேட்டார். கட்டியிருந்தது. தொட்டால் வலித்தது.

அங்கேதான் உடம்புக்காகச் சண்டை போடுகிற டி செல்கள் இருக்கும். டி செல் பெரிய மனுஷன். இன்னும் சண்டை பழகாத டி செல் தானாக வாசலுக்குப் போய் எதையும் பார்க்காது. முழுதாகக் கொண்டுபோய்க் காட்டினாலும் அதற்குக் கண் தெரியாது. யாராவது நறுக்கி, தட்டில் வைத்து, எதிரே வந்து நீட்ட வேண்டும். அதிலும் ஒவ்வொரு டி செல்லுக்கும் ஒவ்வொரு ஜாடைதான் பொருந்தும். ஆயிரம் ஆயிரமாக வந்து தட்டை எட்டிப் பார்த்து, இது என் சமாச்சாரம் இல்லை என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கேயோ ஒன்றுக்குப் பொருந்தும்.

"பொருந்திச்சின்னா உடனே சண்டைதானா?"

"இல்லை. அங்கதான் விஷயமே. துணுக்கைக் காட்டற செல், கூடவே பதற்றத்தையும் காட்டணும். ஆபத்துன்னு ரெண்டாவது ஒரு சைகை. அது இல்லாம வெறும் துணுக்கை மட்டும் காட்டினா, டி செல் பெரும்பாலும் அடங்கிடும். கண்டுக்காது."

எனக்கு என் மனைவியின் அக்கா ஞாபகம் வந்தாள். அவளும் முழுக் கதையைக் கொண்டு வருவதில்லை. எங்கேயோ காதில் விழுந்ததில் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு வந்து வைப்பாள். சும்மா வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள். மாரில் அடித்துக்கொண்டு வைப்பாள். அப்போதுதான் குடும்பமே அரிவாளைத் தூக்கும். என் உடம்பு முழுக்க அவளைப் போல ஆட்கள் என்று தெரிந்தபோது சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

"கை புண்ணாகற மாதிரி ஏதாவது பண்ணீங்களா? இது வர்றதுக்கு முன்னாடி?"

தின்னரைச் சொன்னேன். பிளீச்சிங் பவுடரைச் சொன்னேன். ஒரு வாரம் தினமும் என்று சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இருபது வருஷமாகத் துணுக்கு போய்க்கொண்டுதான் இருந்திருக்கும், பதறுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஒன்றும் நடக்காமல் இருந்திருக்கலாம் என்றார். நான் கையை ரணமாக்கியதும் காவல்கார செல்கள் அலறிக்கொண்டு ஓடியிருக்கின்றன. அந்த நேரம் பார்த்துத் தட்டில் இருந்தது குரோமியம். ரணமாக்கியது தின்னர், பழி குரோமியத்தின்மேல். பொருந்திய டி செல் ஒன்று நூறாகி ஆயிரமாகிப் பெருகி, முகத்தை மனதில் எழுதிக்கொண்டு, உடம்பெல்லாம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இனி எங்கே அந்த ஜாடையைப் பார்த்தாலும் இரண்டு நாளில் கூட்டம் கூடிவிடும். முதுகில் அவர் காட்டியது அந்தக் கூட்டத்தைத்தான்.

கிளவுஸைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். வேர்வையில் கிளவுஸ் தோலிலிருந்து குரோமியம் ஊறி இறங்குமாம். தோல் தொட்டதால் வந்த வியாதிக்குத் தோலையே மருந்தாகப் போர்த்திக்கொண்டு ஊர்வலம் போன ஆட்கள் எங்கள் ஊரைத் தவிர வேறு எங்கே இருப்பார்கள். தலைவலி என்றால்கூட நாங்கள் ஒரு நல்ல லெதர் பட்டையாகப் பார்த்துத்தான் கட்டிக்கொள்வோம் போலிருக்கிறது.

"எப்ப மேடம் மறக்கும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

"மறக்காதுங்க. தொடாம இருந்தீங்கன்னா கை ஆறும், நல்லாவே ஆறும். தொட்டா திரும்ப வரும். வேற வேலை பார்க்க முடியுமா?"

முடியும், ஏன் முடியாது. கலெக்டர் வேலை காலியாக இருந்தால் சொல்லுங்கள் என்று சொல்ல நினைத்தேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

பாயிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். கிளவுஸ் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. "தோலைத் தொட வேணாம். நீ சும்மா உக்காரு, பார்த்துச் சொல்லு போதும்" என்றார். மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். இரண்டு பேர் தோலின் இரண்டு பக்கத்தையும் பிடித்து என் எதிரே நீட்டுவார்கள். நான் பார்த்துவிட்டு முதலாவது, இரண்டாவது என்று சொல்ல வேண்டும். டி செல்லுக்கு உடம்புக்குள் கிடைத்த உத்தியோகம் எனக்கு டேனரியில் கிடைத்தது. யாரோ கொண்டுவந்து நீட்டுவது, நான் தலையாட்டுவது. ஒரே வித்தியாசம், டி செல்லுக்கு அதில் தப்பு வந்தாலும் யாரும் சரக்கைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

எனக்குத் திரும்பி வந்தது. முதல் தரம் என்று நான் சொல்லி அனுப்பிய லாட்டை ஷூ கம்பெனி அப்படியே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டது. பாதிக்கு மேல் லூஸ். கண்ணுக்கு அவ்வளவு லட்சணமாக இருந்த தோல்கள். டாக்டர் சொன்ன ரப்பர் கிளவுஸை வாங்கி மாட்டிக்கொண்டும் பார்த்தேன். போர்வையைப் போர்த்திக்கொண்டு நாடி பிடிப்பது மாதிரி இருந்தது. என்னைப் பாய் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "பரவாயில்ல, உக்காரு" என்றார். அந்த உக்காரு என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. அந்த வாரமே வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

இப்போது நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறேன். அங்கே ஷூ தைப்பது தோலில் இல்லை, சிந்தெடிக் ஷீட்டில். ஆயுசு முழுக்க ரெக்சின் என்று நான் எதைப் பார்த்து முகம் சுளித்தேனோ அதைத்தான் கம்பெனி பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். குவாலிட்டி செக்கிங் என்று பேர். ரோல் ரோலாக வரும். முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் அச்சடித்த மாதிரி ஒன்று. உண்ணி கடிக்காது, முள் கிழிக்காது, தளராது. விளக்குக்குக் கீழே ஓடவிட்டு, ஓட்டை இருந்தால் நிறுத்த வேண்டும். ஓட்டையை மெஷினே கண்டுபிடித்து மணி அடிக்கிறது. மணி அடித்ததும் மணி அடித்தது என்று நான் சொல்வேன்.

கை ஆறிவிட்டது. டாக்டர் சொன்னபடியே நன்றாக ஆறிவிட்டது. நகக்கண் வெளுத்து, உள்ளங்கை மிருதுவாகி, ரேஷன் கடை பில் கிளார்க் கை மாதிரி இருக்கிறது. வாடை கிடையாது. மகளின் கல்யாணத்தில் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார், துடைத்துக்கொள்ளவில்லை. மனைவிக்கு அன்றைக்கு முகமெல்லாம் சந்தோஷம். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அப்படியே சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தது. அதற்குச் சம்பளம் வருகிறது, ஆனால் அதனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

போன மாசம் பாய் போன் செய்தார். ஒரு பெரிய லாட், வாங்குகிறவன் லூஸ் என்கிறான், இவருடைய ஆட்கள் இல்லை என்கிறார்கள், இரண்டு பக்கமும் பேச்சு முற்றி நிற்கிறது.

"அவனே சொல்றான், அந்தக் கை வந்து சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்னு. கட்டாயம் இல்லப்பா. உன் உடம்பு எப்படியோ பார்த்துக்க."

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க போகக் கூடாது" என்றாள். "கல்யாணம் முடிஞ்சி இப்பதான் ஒருவழியா நிம்மதியா இருக்கோம். அவருக்கு வேணும்னா வேற ஆளைப் பார்த்துக்கட்டும். உங்களுக்கு இன்னா வந்துச்சி?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மேஜையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள். வாங்குகிறவரின் ஆள் ஒருத்தர் ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். பாய் ரப்பர் கிளவுஸ் ஒரு ஜோடி எடுத்து வைத்திருந்தார். வேண்டாம் என்றேன். முதல் தோலை விரித்து உள்ளங்கையை வைத்தேன். கழுத்துப் பக்கம் இறுக்கமாக இருந்தது, முதுகில் அப்படியே தொடர்ந்தது, வயிற்றுக்கு இறங்கும் இடத்தில் சட்டென்று உள்ளே காலியாக ஒரு நழுவல். மடித்துப் பார்க்கவே தேவைப்படவில்லை. "இது லூஸ்" என்றேன். அடுத்தது சரி. அதற்கடுத்தது சரி. அப்புறம் மூன்று தொடர்ந்து லூஸ். பாய்க்கு முகம் சுண்டிப் போயிற்று. ஆனாலும் அவர், "அவன் சொன்னா அதுதான்" என்று வாங்குகிறவரின் ஆளிடம் சொன்னார். இரண்டு பேரும் விலையைக் குறைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள்.

"போதும்பா" என்றார் பாய். "தெரிஞ்சிபோச்சி இல்ல. கையைக் கழுவிக்க."

நான் அடுத்த தோலை எடுத்து விரித்தேன். அதற்கடுத்ததை எடுத்தேன். பாய் இன்னொரு தடவை போதும் என்றார், அப்புறம் சொல்லவில்லை. வாங்குகிறவரின் ஆள் கிளம்பிப் போய்விட்டார். தோல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்றில் ஆடு எங்கேயோ வேலியில் உரசிய தழும்பு, ஒன்றில் நல்ல மேய்ச்சலின் தடிமன். உள்ளே எங்கேயோ காவல்காரர்கள் தட்டை எடுத்துக்கொண்டு அக்குளுக்கு நடக்க ஆரம்பித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாளாயிற்று.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸில் அரிப்பு ஆரம்பித்தது. புதன்கிழமை கொப்புளம். சூப்பர்வைசர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சரியாகும் வரைக்கும் வர வேண்டாம் என்றார். மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். மனைவி என்னை உட்காரவைத்து, கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, டாக்டர் கொடுத்த மருந்தை விரல் விரலாகத் தடவினாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். அழுகிறாளா கோபமா என்று குனிந்த முகத்தில் தெரியவில்லை.

"நாலு தோல் பார்த்தா சொல்லிடுவீங்களே" என்றாள். "எத்தினி தொட்டீங்க?"

"எல்லாத்தையும்" என்றேன்.